படபடப்புக்கு எடுத்த மூலிகையே படபடப்பைத் தருமா?

கேள்வி: எனக்கு வயது 43. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஐந்து ஆண்டுகளாகத் தைராய்டு குறைவுக்குத் தினமும் காலையில் தைராக்சின் 75 மைக்ரோகிராம் எடுக்கிறேன். பதற்றமும் தூக்கமின்மையும் மிகுந்ததால், ஏழு மாதங்களாக மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்த எஸிட்டாலோபிராம் 10 மில்லிகிராமும் எடுத்து வருகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் இணையத்தில் அஸ்வகந்தா காப்ஸ்யூல் வாங்கி, காலையும் இரவும் ஒவ்வொன்றாகச் சாப்பிடத் தொடங்கினேன். முதல் மாதம் நன்றாகத் தூக்கம் வந்தது. அதன்பின் நெஞ்சு படபடப்பும் கை நடுக்கமும் கூடியதால், போதவில்லையோ என்று நான்காக்கிக்கொண்டேன். நியூஜெர்சியில் இருக்கும் என் தம்பி மனதுக்கு நல்லதென்று ‘செயின்ட் ஜான்ஸ் வோர்ட்’ என்ற மூலிகை மாத்திரையை அனுப்பினான். மூன்று வாரமாக அதையும் எடுக்கிறேன். இரவில் மாமியார் அமுக்கரா சூரணத்தைப் பாலில் கலந்து தருவார். இப்போது வியர்வை, வயிற்றுப்போக்கு, உடல் மெலிவும் சேர்ந்துகொண்டன. இவை எல்லாம் மூலிகைதானே, பக்கவிளைவு இருக்காதே? ஆங்கில மருந்தை நிறுத்திவிட்டு மூலிகையை மட்டும் தொடரலாமா? பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு நினைவாற்றலுக்காகப் பிரம்மி காப்ஸ்யூல் கொடுக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னை முதலில் நிறுத்திய சொற்கள் ‘போதவில்லையோ என்று நான்காக்கிக்கொண்டேன்’ என்பவை. எந்தத் தொல்லைக்காக மருந்தைத் தேடினீர்களோ அதே தொல்லையை அந்த மருந்தே உண்டாக்கக்கூடும் என்பது யாருக்கும் எளிதில் தோன்றாது. அதனால்தான் படபடப்பு கூடியபோது மாத்திரையைச் சந்தேகிக்காமல் உங்கள் மனதைச் சந்தேகித்திருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் படபடப்பு, நடுக்கம், வியர்வை, வயிற்றுப்போக்கு, மெலிவு ஆகியவை பதற்றத்திலும் வரும். உடலில் தைராய்டு சுரப்பு மிகுந்தாலும் வரும். மெலிவைத் தவிர மற்றவை, செரோட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளைக் கூட்டும் இரண்டு மருந்துகள் ஒன்றோடொன்று மோதினாலும் வரும். மூன்றுக்குமே உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் இடமிருக்கிறது. கடிதத்தைப் படித்து மட்டும் இதுதான் காரணமென்று நான் சொல்ல முடியாது. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்ல அந்த உறுதி தேவையில்லை.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டை இன்றே நிறுத்திவிடுங்கள். அஸ்வகந்தா காப்ஸ்யூலையும் இரவுப் பாலில் கலக்கும் சூரணத்தையும் நிறுத்துங்கள்; அஸ்வகந்தா என்பதும் அமுக்கரா என்பதும் ஒரே செடிதான். எஸிட்டாலோபிராமையும் தைராக்சினையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இந்த வாரத்துக்குள் உங்கள் மருத்துவரைப் பார்த்து, எடுத்தவை அனைத்தையும் சொல்லி, தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, மற்றும் கல்லீரல் பரிசோதனை, ஈ.சி.ஜி. ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கிடையில் காய்ச்சல், தசை விறைப்பு, கால்கள் தாமாகத் துடித்தல், மனக்குழப்பம் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் வாரக் கணக்கெல்லாம் இல்லை. அன்றே, அந்த நேரமே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

இனி காரணங்களுக்கு வருகிறேன். ‘மூலிகைதானே’ என்ற சொல்லிலிருந்து தொடங்குவது பொருத்தம். சர்ப்பகந்தியின் வேரை நம் நாட்டு வைத்தியர்கள் மனக் கொந்தளிப்புக்கும் தூக்கமின்மைக்கும் நெடுங்காலம் கொடுத்துவந்தார்கள். பம்பாயின் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் அதை இரத்தக் கொதிப்புக்குப் பயன்படுத்திய அனுபவத்தைப் பிரிட்டிஷ் இதயவியல் இதழில் எழுதிய பிறகு உலகம் அதைக் கவனித்தது; 1952-இல் அந்த வேரிலிருந்து ரிசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. கொதிப்பையும் மனநோயின் வேகத்தையும் தணித்த அதே ரிசர்பின், எடுத்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் கடும் மனச்சோர்வைத் தந்ததாக மருத்துவர்கள் பின்னர் பதிவு செய்தார்கள். செடி ஒன்றுதான். அதன் நற்பயனும் கேடும் ஒரே வேதிப்பொருளிலிருந்து வந்தவை. உடலில் ஒன்றைச் செய்யும் ஆற்றலுள்ள பொருளுக்கு, வேண்டாத இன்னொன்றையும் செய்யும் ஆற்றல் இருந்தே தீரும். பக்கவிளைவே இல்லை என்று ஒரு மூலிகையைப் பற்றிச் சொல்பவர், அதற்கு விளைவே இல்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட் நம் மண்ணின் மூலிகை அன்று. ஐரோப்பாவில் மஞ்சள் பூப்பூக்கும் ஹைபெரிக்கம் என்ற செடி. ஜெர்மனியில் மருத்துவர்களே மனச்சோர்வுக்கு எழுதிக் கொடுப்பதுண்டு. அது வேலை செய்யாத பொருள் என்று நான் சொல்ல மாட்டேன். 2008-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 29 ஆய்வுகளை, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களோடு, தொகுத்துப் பார்த்தபோது, வெற்று மாத்திரையைவிட அது மேலானதாகவும் வழக்கமான மனச்சோர்வு மருந்துகளுக்கு ஒப்பானதாகவும் தெரிந்தது. உங்களுக்கு ஆபத்து வருவது அங்கேதான். செரோட்டோனினைக் கூட்டும் எஸிட்டாலோபிராமின் வேலையையே அதுவும் ஒருவகையில் செய்வதால், இரண்டையும் சேர்த்து எடுப்பது மருத்துவர் அறியாமல் மருந்தின் அளவைக் கூட்டிக்கொள்வதற்குச் சமம். செரோட்டோனின் எல்லை மீறும்போது வரும் நிலை லேசான நடுக்கத்தில் தொடங்கி உயிருக்கே ஆபத்தாவது வரை போகலாம்.

அதன் இரண்டாவது குணம் இன்னும் வஞ்சகமானது. கல்லீரலிலும் குடலிலும் மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகளை அது தூண்டிவிடுகிறது. வேலையாள்களை இரட்டிப்பாக்கிய தொழிற்கூடம் போல, உடல் மற்ற மருந்துகளை வேகவேகமாகக் கழித்துவிடும். சூரிச் நகரில் மாற்று இதயம் பொருத்தப்பட்ட இருவர் இந்த மூலிகையை எடுத்தபோது, புதிய இதயத்தை உடல் நிராகரிக்காமல் காத்துவந்த சைக்ளோஸ்போரினின் அளவு இரத்தத்தில் சரிந்து, நிராகரிப்பு தொடங்கிவிட்டதை லான்செட் மருத்துவ இதழ் 2000-இல் வெளியிட்டது. அதே ஆண்டு அதே இதழில், எச்.ஐ.வி. மருந்தான இண்டினாவிரின் அளவு பாதிக்கும் மேல் குறைந்த ஆய்வும் வந்தது. கருத்தடை மாத்திரை, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், சில வலிப்பு மருந்துகள் ஆகியவையும் இப்படி வலுவிழக்கும். மூலிகையை நிறுத்திய பிறகும் இந்த வேகம் அடங்க ஏறத்தாழ இரண்டு வாரம் பிடிக்கும் என்பதால், ‘இப்போது எடுக்கவில்லையே’ என்று மருத்துவரிடம் அதை மறைத்துவிடாதீர்கள். உங்கள் தம்பி அன்பால் அனுப்பியது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தகைய மாத்திரைகள் மருந்தாக அல்ல, உணவுத் துணைப்பொருளாகவே விற்கப்படுகின்றன. சந்தைக்கு வருமுன் அவை பாதுகாப்பானவை, பயனுள்ளவை என்று அரசிடம் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. எந்த நோயையும் கண்டறியவோ குணப்படுத்தவோ இது உரியதன்று என்ற வாசகம் பாட்டிலின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும், பாருங்கள்.

அமுக்கராவைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் அது நம் வீட்டுப் பொருள். வீட்டுப் பொருளின் மேல் சந்தேகம் எழுவதே கடினம். முதலில் அதன் பக்கத்து நியாயம்: 2012-இல் ஐதராபாத்தில் 64 பேரிடம் அறுபது நாள் நடந்த ஓர் ஆய்வில், நாளுக்கு 600 மில்லிகிராம் வேர்ச்சாற்றுப் பொருளை எடுத்தவர்களின் மன அழுத்தம் வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடக் குறைந்தது. அதன் பின்னும் சில ஆய்வுகள் அதே திசையில் வந்திருக்கின்றன. ஆனால் பெரும்பாலானவை சிறியவை, இரண்டு மூன்று மாதங்களில் முடிந்தவை. தைராய்டு மாத்திரையும் மனச்சோர்வு மாத்திரையும் எடுப்பவர்களை அவற்றில் பொதுவாகச் சேர்ப்பதில்லை. உங்களைப் போன்றவருக்கு அது பாதுகாப்பானதா என்ற கேள்வியை அந்த ஆய்வுகள் கேட்கவே இல்லை.

தைராய்டு குறைவின் தொடக்க நிலையில் இருந்த ஐம்பது பேருக்கு எட்டு வாரம் அமுக்கரா கொடுத்த 2018-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், தைராய்டு ஹார்மோன்கள் உயர்ந்து, அவை உயரும்போது குறையும் டி.எஸ்.எச். இறங்கியது. மாத்திரை எடுக்காதவருக்கு இது நல்ல செய்தியாகக்கூட இருக்கலாம்; சரியாக அளந்து 75 மைக்ரோகிராம் எடுத்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு, அதன்மேல் இன்னொரு கை உப்பு விழுந்தது போலத்தான். அமுக்கரா எடுத்துத் தைராய்டு மிகைப்பட்டுப் படபடப்போடு மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றிய தனித்தனிப் பதிவுகளும் மருத்துவ இதழ்களில் உள்ளன. இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: முடி உதிர்வுக்காகப் பயோட்டின் மாத்திரை எடுப்பவராக இருந்தால், இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னதாக அதை நிறுத்திவிடுங்கள், இல்லாத தைராய்டு மிகையை இருப்பதாகக் காட்டும்படி அது பரிசோதனையையே குழப்பிவிடும்.

அடுத்தது கல்லீரல். ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் அஸ்வகந்தா எடுத்தபின் மஞ்சள் காமாலை கண்ட ஐந்து பேரைப் பற்றிய தொகுப்பு 2020-இல் வெளிவந்தது; தொடங்கிய 2 முதல் 12 வாரங்களுக்குள் காமாலையும் கடும் உடல் அரிப்பும் வந்தன, நிறுத்தியபின் சில மாதங்களில் அனைவரும் தேறினர். 2023-இல் இந்தியாவிலிருந்தே வந்த இன்னொரு தொகுப்பில், ஏற்கெனவே கல்லீரல் நோய் இருந்தவர்களில் சிலர் உயிர் இழந்தார்கள். கோடிக்கணக்கானோர் எடுக்கும் பொருளில் இது அரிய விளைவுதான் என்பதை நான் மறுக்கவில்லை. டென்மார்க் 2023-இல் அதை முற்றாகத் தடை செய்தது அளவு மீறிய நடவடிக்கை என்பதே என் எண்ணம். ஆனாலும் அரிய விளைவு யாருக்கு வரும் என்பதை முன்கூட்டியே சொல்லும் பரிசோதனை எதுவும் இல்லாததால், சிறுநீர் தேநீர் நிறமாவது, காரணமில்லாத அரிப்பு, உணவில் வெறுப்பு ஆகியவற்றை அமுக்கரா எடுக்கும் எவரும் அறிந்திருக்க வேண்டும். கருவுற்றிருப்பவர்கள் அதைத் தொடவே கூடாது.

‘மாமியார் தருவதும் அதுதானே, அவர் நாற்பது ஆண்டுகளாகச் சாப்பிடுகிறாரே’ என்று நீங்கள் கேட்கக்கூடும். இரண்டும் ஒன்றல்ல என்பதை நம் சித்த மருத்துவமே சொல்லும். கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என்று ஒவ்வொன்றாக இரட்டித்துச் செல்லும் அழகான கணக்கு அமுக்கரா சூரணத்தினுடையது. கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்குப் பிடிக்கும். கூட்டிப் பார்த்தால் சூரணத்தில் அமுக்கரா கால் பங்குதான், பாதி சர்க்கரை. அந்த வேரையும் பாலில் பிட்டவியலாக அவித்து, உலர்த்தி, அதன் பின்பே இடிக்கச் சொல்வார்கள். வேர்ப்பொடியில் விதனோலைடு எனப்படும் செயற்பொருள்கள் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஆக, ஐந்து கிராம் சூரணத்தில் அவை பத்துப் பன்னிரண்டு மில்லிகிராமைத் தாண்டுவது அரிது. கடையில் விற்கும் காப்ஸ்யூலோ செறிவூட்டிய சாறு. 300 மில்லிகிராமில் நூற்றுக்கு ஐந்து என்று அட்டையில் இருந்தால் ஒன்றில் 15 மில்லிகிராம், நான்கில் 60. மாமியாரின் நாற்பதாண்டு அனுபவத்தை உங்கள் நான்கு காப்ஸ்யூலுக்குச் சான்றாகக் காட்ட முடியாது. அதோடு சூரணத்திலுள்ள மிளகும் திப்பிலியும் வெறும் வாசனைக்குச் சேர்த்தவை அல்ல. அவற்றின் பைப்பரின், மற்ற மருந்துகள் உடலில் சேர்வதைக் கூட்டும் இயல்புடையது. அதனால்தான் சூரணத்தையும் இப்போதைக்கு நிறுத்தச் சொன்னேன். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அந்தப் பாதிச் சர்க்கரையையும் மறக்க வேண்டாம்.

செடியின் எந்தப் பகுதி என்பதும் முக்கியம். மரபு மருத்துவத்தில் உள்ளுக்குக் கொடுப்பது வேர்; விலை குறைவென்று சிலர் இலையையும் சேர்த்துச் சாறு எடுக்கத் தொடங்கியதால், இலையைத் தவிர்க்குமாறு ஆயுஷ் அமைச்சகம் 2021-இல் உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது. எனவே அட்டையில் ‘வேர்’ என்று தெளிவாக இல்லாத பொருளை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. நம் நாட்டில் ஒரே அமுக்கரா இரண்டு வாசல் வழியாகச் சந்தைக்கு வருகிறது என்பதும் வாங்குபவர்கள் பலருக்குத் தெரியாது: சித்த, ஆயுர்வேத மருந்தாக வந்தால் 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் கீழ் மாநில அரசு தந்த உரிம எண் இருக்கும், உணவுத் துணைப்பொருளாக வந்தால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கும். இரண்டுமே இல்லாத பொட்டலத்தை, கொடுப்பவர் எவ்வளவு நம்பிக்கைக்கு உரியவராக இருந்தாலும், வாங்காதீர்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தெற்காசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்தபோது 14-இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதோவொன்று இருந்ததாக 2004-இல் வெளியான ஆய்வு பெரும் விவாதத்தைக் கிளப்பியது. உலோகங்களைச் சேர்த்தே செய்யும் பற்பம், செந்தூரம் முதலியவை வேறு வகை. அவற்றைத் தேர்ந்த சித்த மருத்துவரின் நேரடிப் பார்வையில்லாமல் எடுக்கவே கூடாது. தனி மூலிகைப் பொடியில் ஈயம் இருந்தால் அது மருத்துவ முறையின் குற்றமன்று, தயாரிப்பின் குற்றம். ஆனால் பாதிக்கப்படும் உடலுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில், கூடாது என்பதுதான். ஏழு மாதமாக எடுத்துவரும் எஸிட்டாலோபிராமைத் திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் தொட்டது போன்ற அதிர்வு எல்லாம் வரக்கூடும், பழைய பதற்றமும் திரும்பலாம். அதை நிறுத்த உங்களுக்கு விருப்பம் இருப்பது தவறன்று. அந்த விருப்பத்தை எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே சொல்லுங்கள், படிப்படியாகக் குறைக்க முறை இருக்கிறது. சித்த மருத்துவத்தில்தான் தொடர வேண்டும் என்று விரும்பினால் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம், தைராக்சின் மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு செல்லுங்கள். வேலையில் மாதக் கடைசி நெருக்கடியும் தூக்கமின்மையுமே உங்கள் பதற்றத்தின் வேர் என்றால், எந்த வேரும் அதைத் தனியாகத் தீர்க்காது. பேச்சு வழிச் சிகிச்சையையும் மருத்துவரிடம் கேளுங்கள். இரவில் மனம் தாளாத நேரத்தில் பேசுவதற்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே ஆள் இருக்கிறார்கள், கட்டணம் இல்லை.

மகளின் பிரம்மி பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கடைகளில் பிரம்மி என்ற ஒரே பெயரில் நீர்ப்பிரமியும் விற்கிறது, வல்லாரையும் விற்கிறது; இரண்டும் வெவ்வேறு செடிகள். வல்லாரைத் துவையல் சாப்பிடட்டும், மகிழ்ச்சி. தேர்வுக்காகக் காப்ஸ்யூல் வேண்டாம். நீர்ப்பிரமி பலருக்கு வயிற்றுப் புரட்டலும் அடிக்கடி மலங்கழித்தலும் தரும், தேர்வு நாளில் அது யாருக்கும் உதவாது.

கடைசியாக, என் வெளிநோயாளர் அறையில் நான் கற்றுக்கொண்ட ஒன்று. ‘வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் இல்லை என்பார்கள். ‘கஷாயம், லேகியம், பொடி, இணையத்தில் வாங்கிய பாட்டில் ஏதாவது?’ என்று கேட்டால்தான் கைப்பையைத் திறப்பார்கள். பொய் சொல்ல நினைத்தவர்கள் அல்லர். அவர்கள் கணக்கில் அவை மருந்தே அல்ல. உங்கள் மருத்துவர் இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் போகலாம். அதனால், நிறுத்தச் சொன்னேன் என்பதற்காகப் பாட்டில்களைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். தம்பி அனுப்பியது, இணையத்தில் வாங்கியது, மாமியாரின் சூரண டப்பா மூன்றையும் ஒரு பையில் போட்டு, எதை எந்தத் தேதியில் தொடங்கினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, நீங்கள் பேச்சைத் தொடங்கும் முன்பே மருத்துவரின் மேசைமேல் வைத்துவிடுங்கள். இந்தத் தொல்லைகளுக்கு அவையே காரணம் என்று தெரிந்தால், 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் மருந்து எதிர்விளைவாகப் பதிவு செய்யும்படியும் அவரிடம் கேளுங்கள். பதிவுக்குத் தயாரிப்புத் தொகுதி எண் தேவைப்படும், அது அந்தப் பாட்டில்களின் அடியில்தான் இருக்கும்.